மருத்துவச் சர்ச்சையில் ஆளைத் தாக்காமல் வாதாடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இருபது வருடத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். இப்போது எங்கள் ஊர் கிளை நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஏதாவது ஒரு மருத்துவச் சர்ச்சையை எடுத்துக்கொண்டு பேசுகிறோம். சித்த வைத்தியர் ஒருவர் வருவார். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், மருந்துக் கடைக்காரர், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பதினைந்து இருபது பேர் கூடுவோம். புதிதாக வருகிறவர்கள் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் பத்தாவது நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரியாததுதான் பெரும்பாலும் காரணம்.

வீட்டிலும் இதே கதைதான். அதனால் வீட்டுக்கும் கூட்டத்துக்கும் பொதுவாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, தமிழ்நாட்டில் மழைக்காலம் வந்தாலே கிளம்பும் சண்டையைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்: டெங்குக் காய்ச்சலும் நிலவேம்புக் குடிநீரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. இது கட்டாயம். காரணம் மூன்றாம் படியில் வரும்.

பேசப்போவது ஒரு நோயாளியைப் பற்றி என்றால், அவருடைய பரிசோதனை ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில் வேண்டும். அவரிடம் அனுமதியும் கேட்டிருக்க வேண்டும். அடுத்தவர் உடம்பை அவருக்குத் தெரியாமல் சாட்சியாக இழுத்தால், வாதம் எப்படிப் போனாலும் ஒரு மனிதரின் நம்பிக்கை போய்விடும்.

குறைந்தது முக்கால் மணி நேரம் வேண்டும். பஸ் ஏறப்போகிறவரிடமும் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடமும் ஆரம்பிக்க வேண்டாம். நேரம் இல்லாதபோது நாக்கு குறுக்குவழி தேடும். மருத்துவ விவாதத்தில் இருக்கும் மிகக் குறுகிய வழி, எதிரில் இருப்பவரைக் கேவலப்படுத்துவதுதான்.

1. அவசரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

நோயாளி படுத்திருக்கும்போது விவாதம் கூடாது. முடிவுதான் வேண்டும்.

டெங்குவில் இது இன்னும் முக்கியம். காய்ச்சல் விட்டதும் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான கட்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டிப்பட்டு, ரத்த அழுத்தம் சரிவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரேயடியான சோர்வு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் குடிநீர் நல்லதா கெட்டதா என்ற பேச்சு வேண்டாம். “கஷாயம் கொடுக்கணும்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் கொடுப்போம் மாமா, இப்ப வண்டியில ஏறுங்க” என்றால் போதும். வாதத்தைத் தள்ளிவைத்தால் இருவருக்கும் மரியாதை மிஞ்சும், பிள்ளைக்கு நேரம் மிஞ்சும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தங்கை மகனுக்கு டெங்கு வந்தபோது அவள் மாமனார் பப்பாளி இலைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் நாலு பேர் இருக்க, “உங்களுக்கு என்ன தெரியும், நீங்க என்ன டாக்டரா?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அன்று இரவு பையனுக்குத் துணையாகப் படுத்திருந்தவர் அவர்தான். பையன் மூன்று முறை வாந்தி எடுத்திருக்கிறான். சொன்னால் மறுபடி திட்டு விழும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பையன் துவண்டுபோய்க் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டான். ஆனால் அந்த ஒரு வார்த்தை எங்களிடமிருந்து ஒரு முழு இரவின் தகவலை மறைத்துவிட்டது. அவமானப்பட்டவர் தகவல் தரமாட்டார். இந்த வழிகாட்டியை நான் எழுதுவதே அதனால்தான்.

2. நாலு பேர் முன்னால் ஆரம்பிக்காதீர்கள்

கூட்டத்தில் பேசுகிறவருக்கு இரண்டு வேலை. ஒன்று கருத்தைக் காப்பது, மற்றது மானத்தைக் காப்பது. தனியாகப் பேசினால் இரண்டாவது வேலை இல்லை. மருமகள் எதிரில் மாமியாரையும், மாணவர் எதிரில் ஆசிரியரையும், நோயாளி எதிரில் வைத்தியரையும் மறுத்துப் பேச வேண்டாம். “அப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?” என்று ஒதுக்கிக் கூட்டிப்போங்கள்.

பொதுக்கூட்டமாகவே இருந்தால், வாதாடாத ஒருவரை நடத்துநராக உட்கார வையுங்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பார்ப்பதும், பேச்சு ஆள் பக்கம் திரும்பினால் தாளைத் தட்டிக் காட்டுவதும் மட்டுமே அவர் வேலை.

3. சர்ச்சைக்குரிய கூற்றை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் கனமானது. இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம்.

“நிலவேம்பு டெங்குவுக்கு நல்லது.” இந்த வாக்கியத்தை வைத்து இரவு முழுக்கச் சண்டை போடலாம், ஏனென்றால் ‘நல்லது’ என்ற சொல்லுக்குள் ஆளுக்கு ஒரு பொருள் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் முதல் தடவை இதை எடுத்தபோது அரை மணி நேரம் அனல் பறந்தது. பிறகு செவிலியர் அம்மா எழுந்து எல்லோரிடமும் ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்து, தாங்கள் சொல்ல வருவதை எழுதச் சொன்னார். வாங்கிப் பார்த்தால் நாலு வெவ்வேறு கூற்றுகள்: குடித்தால் டெங்கு வராது. வந்த டெங்குவைக் குணமாக்கும். பிளேட்லெட்டை (ரத்தம் உறைய உதவும் அணுக்களை) ஏற்றும். காய்ச்சலையும் உடம்பு வலியையும் கொஞ்சம் தணிக்கும்.

சித்த வைத்தியர் நாலாவதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பையன் இரண்டாவதைத் தாக்கிக்கொண்டிருந்தான். அரை மணி நேரமாக இருவரும் ஒருவரையொருவர் எதிர்க்கவே இல்லை!

எழுதும்போது நான்கு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். எந்த மருந்து, யாருக்கு, எதனோடு ஒப்பிட்டு, எதில் மாற்றம்? ‘நிலவேம்பு’ என்றால் எது? செடியின் பொடியா, குடிநீர்ச் சூரணமா? குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்குகள் சேர்கின்றன. ஒன்றைப் பற்றிய ஆய்வை இன்னொன்றுக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. அதே மாதிரி, சோதனைக் குழாயில் வளர்த்த வைரஸை அடக்கியது என்பது ஒரு கூற்று. மனிதரின் உயிரைக் காப்பாற்றியது என்பது வேறு கூற்று.

எழுதியதும் தாளை மேசை நடுவில் வையுங்கள். இனி எல்லோரும் தாளைப் பார்த்துப் பேச வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். முகத்தைப் பார்த்து “தப்பு” என்றால் அந்தத் தப்பு முகத்தின் மேல் விழும். தாளைப் பார்த்துச் சொன்னால் வாக்கியத்தின் மேல் விழும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை: எதிராளியின் கூற்றை நீங்களே எழுதுவது. எழுதும் கை கொஞ்சம் வளைத்துத்தான் எழுதும். அவருடையதை அவரே எழுதட்டும்.

4. அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, “சரியா?” என்று கேளுங்கள்

மறுக்கத் தொடங்கும் முன் ஒரு முறை. “ஐயா, நான் புரிஞ்சுகிட்டது இது. காய்ச்சல் ஆரம்பிச்ச முதல் நாள்லேருந்து குடிநீர் கொடுத்தா உடம்பு வலி குறையும், பசி எடுக்கும்னு உங்க அனுபவம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு நீங்க சொல்லலை. சரிங்களா?” அவர் “ஆமாம்” என்று சொல்லும்வரை அடுத்த வார்த்தை வேண்டாம்.

இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். தன்னைச் சரியாகக் கேட்டார்கள் என்று தெரிந்த மனிதரின் தோள் இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். திருப்பிச் சொல்லும்போது பாதித் தடவை நமக்கே தெரியும், நாம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்று.

5. ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். ஒன்றை விட்டுக்கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று பயம். ஆனால் மருத்துவத்தில் ஏறக்குறைய எந்தச் சர்ச்சையிலும் இரண்டு பக்கமும் ஏதோ ஒரு உண்மை இருக்கும். அதை மறைத்தால், தெரிந்தே மறைக்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

அலோபதி பக்கம் பேசுகிறவர் ஒத்துக்கொள்ள வேண்டியது: டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து அலோபதியிலும் இல்லை. நீர்ச்சத்து, பாராசிட்டமால், கண்காணிப்பு, தேவைப்பட்டால் டிரிப்ஸ். சிகிச்சை இவ்வளவுதான். மூலிகைகளிலிருந்து உண்மையான மருந்துகள் வந்திருக்கின்றன என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். சில வருடங்களில் அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

மருத்துவ உலகமே தவறாக நினைத்திருந்த காலங்களும் உண்டு. வயிற்றுப் புண்ணுக்கு மன உளைச்சலும் அமிலமும்தான் காரணம் என்று நம்பியிருந்த நேரத்தில், ஒரு பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம் என்றார்கள் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும். அவர்களுக்கு நோபல் பரிசு வந்தது 2005-ல்.

அவநம்பிக்கைக்கும் சில நேரம் நியாயமான வேர் இருக்கும். 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்ட ஆய்வுத் திட்டத்தில், பெற்றோரின் கையெழுத்துக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவங்கள் இருந்தன. 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. “தடுப்பூசி என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள்” என்று ஒரு தாய் சொன்னால், இது தெரிந்தவர் “வதந்தியை நம்பாதீங்க” என்று தட்டிவிட மாட்டார். “அப்படி ஒரு தப்பு நடந்தது உண்மைதான்மா, கையெழுத்து விஷயத்தில் நடந்தது அநியாயம்” என்பார். பிறகுதான், தடுப்பூசி பாதுகாப்பானதா என்பது தனிக் கேள்வி என்று பிரித்துக் காட்ட முடியும்.

மறு பக்கம் ஒத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. ‘இயற்கையானது’ என்பதால் மட்டும் ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது, அரளி விதையும் இயற்கைதான். நூறாண்டுப் பழக்கம் ஒரு நல்ல துப்பு. அதுவே தீர்ப்பாகிவிடாது.

6. “எதைப் பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள்

ஆதாரத்தைக் கொட்டும் முன் இந்தக் கேள்வி வர வேண்டும். முதலில் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு அப்புறம் அவரிடம் கேளுங்கள். “குலுக்கல் முறையில் ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்குக் குடிநீர் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சேரும் எண்ணிக்கை குறைஞ்சா நான் ஒத்துக்கிறேன். நீங்க?”

சிலர் “எது காட்டினாலும் மாற மாட்டேன்” என்பார்கள். கோபப்பட வேண்டாம், நேர்மையான பதில் அது. அவரோடு ஆதாரம் பேசி இருவரும் நோக வேண்டியதில்லை. பதினோராம் படிக்குப் போய்விடலாம். சிலர் “எங்க டாக்டர் அம்மா சொன்னா கேட்பேன்” என்பார்கள். அப்படியானால் உங்கள் வேலை வாதாடுவது இல்லை, அந்த டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போவது.

7. ஆதாரத்தை எளியதிலிருந்து வலியதுக்கு ஏற்றிக்கொண்டு போங்கள்

ஆய்வின் பெயரைச் சொல்லி ஆரம்பிப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அவர் சொல்லும் அனுபவத்திலிருந்து தொடங்குங்கள். “எங்க வீட்டுல பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம், மறுநாளே பிளேட்லெட் ஏறிச்சு” என்பது பொய் இல்லை. ஏறியிருக்கும். ரிப்போர்ட்டை வாங்கி, தேதியையும் எண்ணையும் தாளில் வரிசையாக எழுதுங்கள்.

சிக்கலில்லாமல் குணமாகும் டெங்கு நோயாளியின் எண்கள் ஏறக்குறைய இப்படிப் போகும்: காய்ச்சலின் நாலாம் நாள் 90,000. ஐந்தாம் நாள் 48,000. ஆறாம் நாள் 31,000. ஏழாம் நாள் 44,000. எட்டாம் நாள் 82,000. எந்தச் சாறும் குடிக்காதவருக்கும் இதே பள்ளமும் மேடும்தான். உடம்பே இறக்கி உடம்பே ஏற்றுகிறது. வீட்டில் பயம் உச்சத்துக்குப் போவது ஆறாம் நாள், எண் அடிமட்டத்தில் இருக்கும்போது. அன்றுதான் இலையைப் பறித்து இடிக்கிறோம். மறுநாள் எண் ஏறுகிறது. யாராக இருந்தாலும் இலைக்குத்தான் நன்றி சொல்வார்கள்.

இதை விளக்கும்போது “நீங்க ஏமாந்துட்டீங்க” என்ற சொல் வாயில் வரக்கூடாது. கேள்வியாகவே கேளுங்கள். “சாறு கொடுத்த அன்னிக்குக் காய்ச்சல் எத்தனாவது நாள் மாமா?” பெரியவர் தானே விரல் விட்டு எண்ணும்போது வரும் யோசனைக்கு இருக்கும் பலம், நாம் சொல்லிக் கொடுக்கும்போது வராது.

எண்ணிலேயே பிழை இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் ரத்தத்தில் சிலருக்குப் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். இயந்திரம் அந்தக் கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது. எண் பொய்யாகக் குறைந்து தெரியும். ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியவரும். என் வேலைக்காலத்தில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து வீடே அழுததைக் கண்டிருக்கிறேன். டெங்குவில் டாக்டர்கள் பிளேட்லெட்டைவிட அதிகமாகக் கவனிப்பது பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், ஏறுகிறதா என்பதைத்தான். நீர் கசிவதைக் காட்டுவது அது. இதைச் சொன்னதும் பல வீடுகளில் சண்டை தானாகவே தணியும். இருவரும் தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அடுத்த படி ஒப்பீடு. பப்பாளி இலை பற்றிச் சில சிறிய ஆய்வுகள் பிளேட்லெட் கொஞ்சம் வேகமாக ஏறியதாகச் சொல்கின்றன. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: எண் வேகமாக ஏறியதால் இறப்போ ரத்தக்கசிவோ குறைந்ததா? எண் ஏறுவதும் ஆள் பிழைப்பதும் ஒன்றா?

குலுக்கல் முறை ஏன் வேண்டும் என்பதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுப்பது 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு. கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கேட்கும் என்று உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட நேரம். மருத்துவமனையில் இருந்தவர்களில் 1,561 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 25 சதவீதம். பயனில்லை. அதே ஆய்வில் டெக்ஸாமெத்தசோனையும் சோதித்தார்கள். அது பல பத்தாண்டாக இருக்கும் மலிவான மாத்திரை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆக இறங்கியது. மலிவான மருந்துகளை அமுக்குகிறார்கள் என்று சொல்கிறவரிடம் இரண்டு முடிவுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் கட்சி கட்டுவது போலாகும்.

ஒரு தடவைக்கு ஒரு ஆதாரம். ஏழு லிங்குகளை அனுப்புவது விவாதம் ஆகாது, அமுக்குவது. ஒன்றை வைத்து, அவர் பதில் சொன்ன பிறகு அடுத்தது.

8. பணம் பற்றிய கேள்வியை இருவருக்கும் ஒரே மாதிரி கேளுங்கள்

“யார் காசு கொடுத்தது?” என்று கேட்பது தனிநபர் தாக்குதலா? இல்லை. மருத்துவத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. அதோடு வாதத்தை முடித்துக்கொள்வதுதான் தவறு.

எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காட்டி 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் எழுதிய கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாரான வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்திருந்தது பிறகு தெரிந்தது. 2010-ல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவப் பதிவிலிருந்தும் நீக்கப்பட்டார். இதையெல்லாம் சொல்லலாம், இது அந்த ஆய்வின் நடத்தை பற்றியது. ஆனால் கூற்றைச் சாய்த்தது இது இல்லை. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து, தடுப்பூசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை என்று 2019-ல் காட்டினார்களே, அதைப் போன்ற பெரிய ஆய்வுகள்தான் சாய்த்தன. பணத் தொடர்பு சந்தேகத்தைத் திறந்துவிடும். மூடுவதற்கு எண்கள் வேண்டும்.

மருந்து நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது என்றால் சூரணம் விற்பவருக்கும் லாபம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும்போதுதான் அந்தக் கேள்வி வசையாக மாறுகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரையே “நீ கம்பெனிக்காரன் கைக்கூலி” என்பது வசை மட்டுமே, அதில் கேள்வியே இல்லை.

9. நாக்கு வழுக்கும் இடங்களைத் தெரிந்து வையுங்கள்

நேரடி வசையை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். ‘படித்த முட்டாள்’, ‘போலி டாக்டர்’, ‘வாட்ஸ்அப் யுனிவர்சிட்டி’. இவற்றைத் தவிர்ப்பது சுலபம். நம் ஊரில் பேச்சு கெடுவது பெரும்பாலும் இதைவிட மெலிதான வழிகளில்.

முதலாவது ஜாடை. எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு மூன்றாவது ஆளிடம் திரும்பி, “சில பேருக்கு எல்லாம் தெரிஞ்ச நெனப்பு” என்பது. பெயர் சொல்லவில்லை என்பதால் பேசியவர் தப்பித்துவிடுகிறார், கேட்டவருக்கோ பதில் சொல்லவும் வழியில்லை. ஜாடை விழுந்தால் நடத்துநர் அங்கேயே நிறுத்தி, “யாரைச் சொல்றீங்களோ அவர்கிட்டயே, தாளில் இருக்கிற வாக்கியத்தைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆவது. அங்கே இல்லாத டாக்டரையும் வைத்தியரையும் ‘அவன்’ என்று சொல்வதும் இதில் சேர்த்திதான். விகுதி இறங்கினால் அடுத்து குரல் ஏறும். எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரே விதி: வயது என்னவாக இருந்தாலும் எல்லோருக்கும் ‘ங்க’.

மூன்றாவது வயது. “உன் வயசு என் அனுபவம்” என்று பெரியவர் சொன்னால் இளையவருக்கு வாய் அடைத்துவிடும். அப்போது வயதோடு மோத வேண்டாம், அனுபவத்தையே கேளுங்கள். “அதனாலதான் கேக்குறேன் தாத்தா, அந்தக் காலத்துல இந்தக் காய்ச்சல்ல எத்தனை பேர் தேறுனாங்க, எத்தனை பேர் தேறலை?” தேறாதவர்களின் கணக்கு பெரும்பாலும் யார் நினைவிலும் இருக்காது. அதை அவரே சொல்லும்போது வாதம் நகரும்.

ஆளை நோக்கிய வாக்கியத்தைக் கூற்றை நோக்கித் திருப்பப் பழகுங்கள். “நீங்க பொய் சொல்றீங்க” என்பது “இந்த எண் எங்கேயிருந்து வந்ததுன்னு பார்க்கலாமா” ஆக வேண்டும். “உங்களுக்கு அறிவியல் தெரியாது” என்பதை “இதுல ஒப்பிட்டுப் பார்த்த இன்னொரு குழு இல்லையே” என்று மாற்றலாம். இரண்டாவது வடிவத்தில் காரணம் இருக்கிறது, முதலாவதில் கோபம்தான் இருக்கிறது.

யார் சொன்னார் என்பதே பேச்சை விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. 2017 அக்டோபரில், ஆராய்ச்சி முடிவு வரும்வரை நிலவேம்புக் குடிநீரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் நற்பணி இயக்கத்தாரிடம் கேட்டுக்கொண்டார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசியது அவரைப் பற்றித்தான், குடிநீரைப் பற்றி இல்லை. பிரபலத்தின் பெயர் வந்தால் தாளைத் தட்டுங்கள்.

10. உங்களைத் தாக்கினால்

ஒரு முறை கேட்காதது போல இருங்கள். சூட்டில் வந்த சொல்லுக்காகப் பலர் அடுத்த நிமிடமே உள்ளுக்குள் வருந்துவார்கள், திரும்ப வழி விடுங்கள்.

இரண்டாம் முறை, அமைதியாகச் சொல்லுங்கள்: “என்னைப் பத்தின பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். இந்த வாக்கியத்துக்கு வருவோமா?”

மூன்றாம் முறை, நிறுத்திவிடுங்கள். “இன்னிக்கு இதோட போதும்” என்று எழுந்து, தண்ணீரோ டீயோ கொடுத்து, வேறு பேச்சுக்கு மாறுங்கள். எழும்போது கடைசிக் குத்து ஒன்று வைக்கத் தோன்றும். அதை மட்டும் வைக்காதீர்கள். அடுத்த முறை அவர் வருவாரா மாட்டாரா என்பது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் தாக்கிவிட்டால் உடனே, அதே ஆட்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேளுங்கள். “ஆனா நான் சொன்ன விஷயம் சரிதான்” என்று வாலை ஒட்ட வேண்டாம். நான் தங்கையின் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டது பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து பையன் வீட்டுக்கு வந்த பிறகு. கூடத்தில் வைத்தே கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

11. முடிக்கும்போது மூன்று வரி எழுதுங்கள்

ஒத்துப்போனது எது. ஒத்துப்போகாதது எது. அதுவரை வீட்டில் என்ன செய்வது.

மூன்றாவது வரிதான் உயிர்காக்கும் வரி. கருத்து ஒன்றாகாவிட்டாலும் நடைமுறை ஒன்றாகலாம். டெங்கு பற்றி எங்கள் கூட்டம் கடைசியில் எழுதிய தாளில் மூன்றாவது வரியாக இருப்பது இது: “குடிநீர் குடிக்க விரும்புபவர் குடிக்கலாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. வாந்தி, வயிற்றுவலி, ரத்தம் எது வந்தாலும் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரி.” சித்த வைத்தியரும் செவிலியர் அம்மாவும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குடிநீர் டெங்குவைக் குணமாக்குமா என்பதில் இருவருக்கும் இன்றும் உடன்பாடு இல்லை.

தாளை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வைத்தியரின் மருந்துக் கடையிலும் மற்றதை நூலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். தங்கை வீட்டு பிரிட்ஜ் கதவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, மாமனார் கையாலேயே எழுதியது. அதில் ‘யாரையும் கேட்காமல்’ என்ற இடத்தில் இரண்டு முறை கோடு இழுத்திருக்கிறார்.